பூனைக்கு வேகவைத்த கோழிக்கறி மட்டும் போதுமா?

சாம்பல்வால் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதான, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை ஒன்று இருக்கிறது. குட்டியாக வந்த நாள் முதல் அதற்கு உலர் உணவுதான். கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைத்துவிடுவோம். அது நினைத்தபோதெல்லாம் வந்து கொறித்துவிட்டுப் போகும். அண்மையில் தடுப்பூசிக்காக அழைத்துச் சென்றபோது எடை 6.2 கிலோ இருந்தது. அதன் உடல்வாகுக்கு 5 கிலோவே சரியான எடை என்றும், இப்படியே போனால் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடும் என்றும் மருத்துவர் கூறினார். விலா எலும்புகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். விரலால் அழுத்தித் தேடினால்தான் அவை அகப்படுகின்றன.

எனவே பாக்கெட் உணவை அடியோடு நிறுத்திவிட்டு, எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, சிறிது கேரட்டை மசித்துச் சேர்த்து, வாரத்தில் சில நாள் மீனும் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். கறி உண்ணும் விலங்குக்குக் கறியைக் கொடுப்பதில் குறை ஏதும் இருக்க முடியாது என்பது என் எண்ணம். தானியம் சேராத உலர் உணவுக்கு மாறினாலே போதும் என்று ஒரு நண்பரும், டப்பாவில் வரும் ஈர உணவுதான் நல்லது என்று இன்னொருவரும் கூறுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருதாணி

வணக்கம். கால்நடை மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். எடையைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானது. ஆனால் அதற்காக நீங்கள் தேர்ந்திருக்கும் உணவு, இப்போது கொடுத்துவரும் உணவைக் காட்டிலும் குறையுடையது.

பூனை கறி உண்ணும் விலங்குதான். ஆனால் அது இயற்கையில் உண்பது தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறியை அன்று. ஓர் எலியை உண்ணும்போது தசையோடு எலும்பு, ஈரல், இதயம், குடல், கொழுப்பு, இரத்தம் எல்லாமே அதன் வயிற்றுக்குள் போகின்றன. அவற்றில் நெஞ்சுக்கறி என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் புரதம் தாராளமாகக் கிடைக்கும். மற்ற பலவும் கிடைக்காமல் போகும்.

முதலில் கால்சியம். எலும்பு இல்லாத கறியில் கால்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. உடலுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழச் சம அளவு, அல்லது கால்சியம் சற்றே கூடுதலான விகிதம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். வெறும் கறியில் வளரும் குட்டிகள் ஒரு சின்னத் தாவலில் கால் முறிந்து வருவதற்குக் காரணம் இதுதான். வளர்ந்த பூனையில் இது மெதுவாக நடப்பதால் வெளியே தெரிய நாளாகும், அவ்வளவே. சமைத்த எலும்பைக் கொடுத்து இதை ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம்; வெந்த எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

அடுத்தது டாரின் என்ற சத்து. பெரும்பாலான விலங்குகள் இதைத் தம் உடலிலேயே வேண்டிய அளவு உருவாக்கிக்கொள்கின்றன. பூனையால் அது இயலாது. மேலும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களைப் பிணைப்பதற்கு அதன் ஈரல் டாரினை மட்டுமே பயன்படுத்துவதால், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குறைபாடு நீடித்தால் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து விரியும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அப்போது நோயுற்றிருந்த பூனைகள் உண்டது கடையில் வாங்கிய உணவைத்தான் என்பதைக் குறிப்பிட வேண்டும். அதன் பிறகே நிறுவனங்கள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. ஆகவே பாக்கெட் உணவு எல்லாமே குற்றமற்றது என்று நான் வாதிடவில்லை. கோழியில் தொடைக்கறியைவிட நெஞ்சுக்கறியில் டாரின் மிகவும் குறைவு என்பதும், வேகவைக்கும்போது அது தண்ணீரில் இறங்கிவிடும் என்பதும் உங்கள் திட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு வெண்ணிறக் கறியை மட்டும் கொடுத்தால், இருக்கும் கொஞ்சமும் கழிவுநீரோடு போய்விடுகிறது.

கேரட்டைப் பொறுத்தவரை, அதனால் தீங்கில்லை. நீங்கள் எதிர்பார்க்கும் பயனும் இல்லை. நம் உடல் கேரட்டின் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அந்த ஆற்றல் கிடையாது, அதற்கு விலங்கிலிருந்து கிடைக்கும் ஆயத்த வைட்டமின் ஏ வேண்டும். வெயிலில் படுத்துக் கிடந்தாலும் வைட்டமின் டி தோலில் போதுமான அளவு உண்டாகாது. அதுவும் உணவில்தான் வர வேண்டும். இவற்றுக்காக ஈரலை அள்ளிக் கொடுத்தால், அது மறுகோடிக்குப் போவதாகும். நாள்தோறும் ஈரலைப் பெரும்பங்காக உண்ட பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்ப முடியாமல் போனதுண்டு.

வீட்டில் சமைக்கவே கூடாது என்று நான் கூறவில்லை. கால்நடை உணவியல் படித்த மருத்துவர் ஒருவர் உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்பக் கிராம் கணக்கில் எழுதித் தந்தால், அதில் உள்ள துணைச்சத்துத் தூளையும் விடாமல் சேர்த்து, தாராளமாகச் சமைக்கலாம். இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கும் பொதுவான குறிப்புகளை நம்ப வேண்டாம். 2019இல் மேற்சொன்ன டேவிஸ் வளாகத்தினரே பூனைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது.

கல்தூண்

உங்கள் நண்பர்கள் இருவரின் பேச்சையும் எடுத்துக்கொள்கிறேன். தானியம் சேராதது என்று அட்டையில் எழுதியிருப்பதாலேயே அதில் மாவுச்சத்து குறைவு என்று பொருளல்ல. உலர் உணவு உருண்டையாக நிற்பதற்கு ஏதேனும் ஒரு மாவு வேண்டும். தானியத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ வந்து அமரும். வெந்த மாவுச்சத்தைப் பூனையால் ஓரளவு செரிக்கவும் முடியும். எனவே தானியத்தை விரோதியாக நினைப்பதைவிட, அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்களைப் பார்ப்பது பயனுள்ளது.

அந்த எண்களை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஈர உணவு டப்பாவில் புரதம் 10 விழுக்காடு என்றும், உலர் உணவுப் பையில் 32 விழுக்காடு என்றும் இருந்தால், உலர் உணவே மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் டப்பாவில் 79 விழுக்காடு தண்ணீர். மிஞ்சும் 21 பங்கில் 10 பங்கு புரதம் என்றால் அது ஏறத்தாழ 48 விழுக்காடு. பையில் ஈரப்பதம் 8; மிஞ்சும் 92இல் 32 என்பது சுமார் 35 விழுக்காடுதான். புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஆகியவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் கிடைப்பது மாவுச்சத்து. அது பெரும்பாலும் அட்டையில் அச்சிடப்படுவதில்லை. மேற்படி பையில் கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 7 என்று வைத்துக்கொண்டால் மாவுச்சத்து 37 வருகிறது, அதாவது புரதத்தைவிட அதிகம். (இவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், குறிப்பிட்ட எந்த நிறுவனத்தின் உணவும் அல்ல.)

எண்களுக்கும் முன்பாகத் தேட வேண்டியது ஒரு வாக்கியம்: அது முழுமையான உணவா, துணை உணவா என்பது. ஆஃப்கோ எனப்படும் அமெரிக்க அமைப்போ ஃபெடியாஃப் எனப்படும் ஐரோப்பிய அமைப்போ வகுத்த அளவுகளின்படி, வளர்ந்த பூனைக்கு முழுமையானது என்று எழுதியிருக்க வேண்டும். ஆஃப்கோ அளவின்படி ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 விழுக்காடு, குட்டிகளுக்கும் சினைப்பூனைகளுக்கும் 30 விழுக்காடு புரதம் வேண்டும். அழகான சின்ன டப்பாக்களில் கறித்துண்டுகள் மட்டும் மிதக்கும் சில வகைகளில் துணை உணவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையே மூன்று வேளையும் கொடுத்தால், மருதாணி அவர்கள் சொன்ன அதே வெறும் கறிச் சிக்கலுக்குத்தான் வந்து சேர்வோம்.

நீலவானம்

ஆண் பூனை என்பதால் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இரையில் உள்ள ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும் உடல் அது. தாக உணர்வு குறைவு, சிறுநீர் அடர்த்தி மிகுதி. 5 கிலோ பூனையின் ஓய்வுநிலைக்கான ஒரு நாள் தேவையான 230 கலோரிக்கு உலர் உணவு 60 கிராம் போதும், அதில் தண்ணீர் 5 மில்லி இருக்கும். அதே கலோரிக்கு ஈர உணவு 250 கிராம் அளவுக்கு வேண்டியிருக்கும், அதில் ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் தானாகவே உள்ளே போய்விடுகிறது. உலர் உணவு உண்ணும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடித்தாலும், இந்த இடைவெளி முழுவதையும் அது நிரப்புவதில்லை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. படிகமோ சளிக்கட்டியோ அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மணல் தட்டில் மீண்டும் மீண்டும் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்கிறது என்று சிலர் கூறுவதுண்டு. பல் நலத்துக்கென்றே தனியாகத் தயாரிக்கப்பட்ட வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு அது பொருந்தாது. பூனை அவற்றைப் பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிடுகிறது.

பழைய திண்ணை

இவ்வளவு கணக்கு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் முன்பு இருந்த பூனைகள் நாங்கள் உண்டு மீந்ததையும், பாலையும், மீன் தலையையும் தின்று பதினைந்து வயதுக்கு மேல் வாழ்ந்தன. அப்போது டாரின் என்ற பெயரே யாருக்கும் தெரியாது.

மருதாணி

உங்கள் கேள்வி நியாயமானதே, ஐயா. அந்தப் பூனைகள் வெளியே திரிந்தவை என்று நினைக்கிறேன். வீட்டில் கிடைத்தது பாதி. மீதியை எலியும் பல்லியும் குருவியுமாக அவை தாமே தேடிக்கொண்டன, டாரினும் கால்சியமும் அங்கிருந்து வந்தன. ஓர் எலியில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிய ஈடு. கேள்வி கேட்டவரின் பூனையோ கதவு திறந்தாலும் வெளியே போகாத வீட்டுப்பூனை என்று தெரிகிறது. நாம் கிண்ணத்தில் வைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நீண்ட நாள் வாழ்ந்த பூனைகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இளமையிலேயே காணாமல் போனவற்றையும் இறந்தவற்றையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பால் பற்றி: தாய்ப்பால் மறந்த பிறகு, பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். சிலவற்றுக்கு ஒன்றும் ஆகாது, பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு. பூனை பாலை விரும்புவது இனிப்புக்காக அன்று, கொழுப்புக்காக. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள்.

மீனைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பச்சை மீனில், சில இனங்களில், தயமின் என்ற வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அதைத் தொடர்ந்து உண்ணும் பூனைக்கு நடை தள்ளாடும், தலை மார்பை நோக்கித் தொங்கும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் கொழுப்பு மிகுந்த மீனையே முதன்மை உணவாக வைத்தால், வைட்டமின் ஈ பற்றாமல் உடல் கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலியில் கத்தும் நிலை வரும். வாரத்தில் ஓரிரு முறை, முள் நீக்கி, வேகவைத்து, ஒரு சின்னத் துண்டு என்றால் கவலையில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்த்துச் சமைத்த எதையும், அவற்றின் தூள் கலந்ததைக்கூட, கொடுக்கக் கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும்.

சாம்பல்வால்

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஈர உணவு என்று முடிவு செய்து, முழுமையான உணவு என்று எழுதியிருந்த டப்பா ஒன்றை நேற்று மாலை வைத்தோம். மோந்து பார்த்துவிட்டு, தரையை முன்காலால் பறித்து அதை மூடுவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. இரவு முழுவதும் எதையும் தொடவில்லை. பசித்தால் தானே வந்து தின்னும், உலர் உணவைக் கண்ணில் காட்டாதே என்கிறார் என் தம்பி. இன்னும் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

மருதாணி

தயவுசெய்து பொறுத்துப் பார்க்க வேண்டாம். இதைப் படித்தவுடன் பழைய உலர் உணவில் கொஞ்சம் வையுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது நாய்க்கு ஒத்துவரலாம். பருமனான பூனைக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு மொத்தமாகக் கரைந்து ஈரலுக்குள் போய்ச் சேரும். பூனையின் ஈரலால் அந்த வேகத்தில் அதைக் கையாள முடியாது. ஈரல் கொழுப்பால் அடைபட்டு மஞ்சள்காமாலை வந்தால், குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவூட்ட வேண்டியிருக்கும். எடை கூடிய பூனைகளுக்கே இது அதிகம் வருகிறது. ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணவில்லை என்றால் மருத்துவரை அழைப்பதற்கு அதுவே போதிய காரணம்.

பூனைகள் உணவை எந்த வடிவில், எந்தப் பதத்தில் உண்பது என்பதைக் குட்டிப்பருவத்திலேயே பெரிதும் பழகிவிடுகின்றன. நான்கு ஆண்டுகள் மொறுமொறுப்பான உருண்டையை மட்டுமே கண்ட வாய்க்குக் கூழ் போன்ற ஒன்று உணவாகவே தோன்றாது. எனவே உலர் உணவை வேளைக்கு இவ்வளவு என்று பிரித்து, கிண்ணத்தை நிரப்பி வைக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பிறகு, அது வழக்கமாக உண்ணும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேறொரு தட்டில் ஒரு சிட்டிகை ஈர உணவை வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், வெந்நீரில் டப்பாவைச் சிறிது நேரம் நிறுத்தி, கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தால் மணம் எழும். பூனை முதலில் தீர்மானிப்பது மூக்கால்தான். உலர் உணவை நுணுக்கி அதன்மேல் தூவலாம். பொதுவாக ஏழு முதல் பத்து நாளில் மாற்றலாம் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் பூனைக்கு ஓரிரு மாதம் ஆனாலும் வியப்பில்லை. கடைசி வரை ஏற்கவில்லை என்றால், அளந்து கொடுக்கும் நல்ல உலர் உணவும், வீட்டில் பல இடங்களில் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களும் ஏற்கத்தக்க வழியே. ஈர உணவு நல்லது என்பது என் கருத்து. அதற்காகப் பூனையோடு போர் தொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

கல்தூண்

அளவைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். இலக்கு எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக்கான கலோரி கிடைக்கும். 5 கிலோவுக்கு அது ஏறத்தாழ 230. எடைக் குறைப்பை மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த அளவிலோ, இதில் 80 விழுக்காட்டிலோ தொடங்குவார்கள். உங்கள் பூனைக்கு எது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 380 கலோரி உள்ள உலர் உணவு என்றால் 230 கலோரி என்பது வெறும் 60 கிராம். கோப்பையால் அளந்தால் 10 கிராம் கூடுவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது நாளின் மொத்த உணவில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும்.

வேகவைத்த கோழியைக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையையும் விட வேண்டாம். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை எந்தத் தின்பண்டமும் இருக்கலாம். 23 கலோரிக்கு நெஞ்சுக்கறி 14 கிராம் வரும், விரல் நுனி அளவில் நான்கைந்து துண்டுகள். அந்த அளவுக்கு உலர் உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பல்வால்

உலர் உணவை வைத்ததும் ஓடிவந்து தின்றுவிட்டது, பெரிய நிம்மதி. இன்னும் ஒரே ஓர் ஐயம். இரண்டு வேளையாகக் கொடுப்பதா, அதற்கும் மேலா? எடை எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும்?

நீலவானம்

எலி வேட்டையாடும் பூனை ஒரு நாளில் எட்டு, பத்து முறை சிறிது சிறிதாக உண்ணும். வீட்டில் அத்தனை முறை இயலாது. நான்கு வேளை முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொத்த 60 கிராமில் ஒரு பகுதியை, உருட்டினால் ஒவ்வொன்றாக உணவு உதிரும் பந்துக்குள் போட்டு வைத்தால், அதற்கு வேலையும் ஆகும், வேகமும் குறையும். விடியற்காலையில் வந்து எழுப்பும் பழக்கம் இருந்தால், இரவு படுக்கும் முன் கடைசி வேளையைக் கொடுங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் இரண்டு விழுக்காடு வரை குறையலாம். ஒரு விழுக்காடு என்று வைத்தால் உங்கள் பூனைக்கு வாரம் 60 கிராம். 5 கிலோவை அடைய ஐந்து மாதம் ஆகும். குழந்தைகளை நிறுக்கும் தராசு கிடைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதில் நிறுத்து எழுதி வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நின்று கழிக்கும் முறையில் 60 கிராம் மாற்றம் பிடிபடாது. இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் உணவைச் சற்றுக் கூட்டுங்கள். ஒரு மாதமாகியும் எடை அசையவில்லை என்றால், வீட்டில் வேறு யார் அதற்கு ஊட்டுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, பிறகு அளவைக் குறையுங்கள்.